மேடையேறிய ஆமைக்குஞ்சுகள்

நல்ல காரியம் செய்யப் புறப்படுகிறவர்கள் முதலில் மைக் செட்டுக்குத்தான் சொல்லி அனுப்புவார்கள். காரியம் கெடுவதும் பெரும்பாலும் அங்கிருந்துதான். இதை நான் சொந்தச் செலவில் கற்றுக்கொண்டேன் என்று சொன்னால் அது பொய். செலவழிந்தவை ஆமைக்குஞ்சுகள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. மயிலாடுதுறையில் எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் துபாயிலோ சிங்கப்பூரிலோ இருந்தார். என் அண்ணன் டேவிட்டும் துபாய். விலங்கியலில் முதல் வகுப்பில் தேறிய நான் மட்டும் ஒரு தொண்டு நிறுவனத்தில் சேர்ந்து, தரங்கம்பாடிக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்துக்குத் தினமும் பஸ் ஏறினேன். (“எம்.எஸ்சி. படிச்சிட்டு, மீன்காரங்களுக்கு மீன் பிடிக்கக் கத்துக்குடுக்கப் போறா” என்று அப்பா சர்ச் வாசலில் எல்லோரிடமும் சொல்லி முடித்துவிட்டார்.)

பங்குனி ஆமைகள் என்கிற கடலாமைகள் முட்டையிடக் கரைக்கு வரும் காலத்தில் வலையில் சிக்கி, மூச்சுமுட்டிச் செத்து ஒதுங்கும். அந்தச் சில வாரங்கள் கரையோரம் வலை விரிக்க வேண்டாம் என்று ஊரைச் சம்மதிக்க வைப்பதுதான் என் வேலை. நடையாய் நடந்தேன். முதலில் காது கொடுத்தவர் செல்வமணி அக்கா. கணவர் மஸ்கட்டில், அக்கா கூடையில் மீன் விற்பார். நாய்கள் தோண்டித் தின்றுவிடாமல் முட்டைகளைச் சேகரித்து, கரையிலேயே வேலி கட்டிப் புதைத்தோம். காவல் அக்காதான். மெல்ல ஊர்த்தலைவரும் இறங்கி வந்தார்.

“குஞ்சு விடுற அன்னிக்கு ஊர் முன்னால, அடுத்த பருவத்துல வலை வேணாம்னு நானே சொல்லிடறேம்மா. சொன்னா சொன்னதுதான்.”

அதோடு விட்டிருக்கலாம். நான் விழா எடுத்தேன்.

பந்தல், மேடை, பேனர், ஜெனரேட்டர், போட்டோ நன்றாக விழ வேண்டுமென்று பெரிய பெரிய ஃபோகஸ் லைட்டுகள். தலைமை தாங்க ஓர் அதிகாரி. சாயங்காலம் விழா. (நான் குறித்த தேதிக்கே குஞ்சுகள் பொரிந்தன. என்மேல் அவ்வளவு நம்பிக்கை அவற்றுக்கு.) விடியலில் மண்ணைப் பிளந்து வந்தவற்றை ஈரமணல் போட்ட அன்னக்கூடைகளில் வைத்துக்கொண்டு காத்திருந்தோம். அதிகாரி வரவில்லை.

“ஸ்டெல்லா, பொழுது சாயுது. விட்டுடலாம்மா, துவண்டு போவுதுங்க” என்றார் அக்கா.

“அதிகாரி வராம எப்படிக்கா?”

அவர் வந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. மாலை போட்டோம். எல்லா லைட்டும் எரிந்தன. கூடைகளைக் கடலைப் பார்த்துச் சாய்த்தோம்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆமைக்குஞ்சு வெளிச்சத்தைப் பார்த்துத்தான் போகும். இரவில் கரையைவிடக் கடல்தான் வெளிச்சமாகத் தெரியும் என்பதால் தானே கடலில் இறங்கிவிடும். அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இதைக் கரும்பலகையில் படம் போட்டு விளக்கியவள் நான்தான்.

குஞ்சுகள் சற்றுத் தயங்கின. பிறகு கடலுக்கு முதுகைக் காட்டிவிட்டு மேடையைப் பார்த்து வரத் தொடங்கின. கூட்டம் கைதட்டியது. (நிகழ்ச்சியில் இதுவும் ஓர் அங்கம் என்று நினைத்துவிட்டார்கள்.) அதிகாரி நாற்காலிமேல் ஏறிக்கொண்டார். “கடிக்குமாம்மா?”

நான் மைக்கைப் பிடித்தேன். “யாரும் நகராதீங்க! காலைத் தூக்காதீங்க!”

என் குரலில் இருந்த பீதியைக் கேட்டு ஊரே எழுந்து ஓடியது. பிள்ளைகளைத் தேடித் தாய்மார்கள் ஒரு பக்கம், செருப்பைத் தேடி ஆண்கள் ஒரு பக்கம். லைட்டை அணைக்கலாம் என்றால் மைக் செட்காரர் டீ குடிக்கப் போயிருந்தார். ஜெனரேட்டரில் எதைத் திருகுவது என்று தெரியாமல் ஒயரைப் பிடுங்கினேன். ஒரேயடியாக இருட்டு. அந்த இருட்டில் கூட்டத்தின் காலடியில் கேட்ட சத்தத்தைப் பற்றி வீட்டில் யாரிடமும் நான் சொன்னதில்லை.

செல்வமணி அக்கா மணலைத் தடவித் தடவி, அகப்பட்டதையெல்லாம் மடியில் போட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். நானும் அழுதுகொண்டே பின்னால் போனேன். மிச்சத்தைப் பந்தல் ஓரமாகக் குழிதோண்டிப் புதைத்தோம். “புரோகிராம் நல்லா இருந்துச்சு” என்று சொல்லிவிட்டு, அதிகாரி மாலையோடு ஜீப்பில் ஏறினார்.

தலைவரிடம் போய் நின்றேன். “ஐயா, நீங்க சொல்றதாச் சொன்னீங்களே…”

அவர் குரலில் கோபமே இல்லை. “எப்படிம்மா சொல்றது? எங்க வலைல சாவுதுன்னுதானே நீங்க வந்தீங்க.”

அடுத்த பருவத்தில் வழக்கம்போல் வலை விரித்தார்கள். நிறுவனம் என்னை வேறு ஊருக்கு மாற்றிவிட்டது. ஒருநாள் அக்காவைப் பார்க்கப் போனேன். “நீ வேணும்னா செஞ்ச? சாப்பிடு” என்று மீன்குழம்பை ஊற்றினார். இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டே, “நேத்துகூட ஒண்ணு ஒதுங்குச்சு. பெரிசு” என்றார்.

என் கல்யாணத்துக்குத் துபாயிலிருந்து வந்த அண்ணன், பந்தல்காரரிடம், “சீரியல் லைட்டெல்லாம் வேணாங்க, ஆமை வந்துடும்” என்றான். சொந்தக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். விஷயம் தெரியாத மாப்பிள்ளை வீட்டாருக்கு முழுக்கதையும் சொல்லி, இன்னொரு தடவை சிரித்தார்கள். இப்போது என் மகள் முறை. கரண்ட் போனால் போதும், “அம்மா, உன் ஆமையெல்லாம் இப்ப கரெக்டாப் போயிடும்” என்பாள்.

நானும் சேர்ந்து சிரிப்பேன். மெழுகுவத்தியை ஏற்றத்தான் ஏனோ எனக்குக் கொஞ்சம் நேரமாகிறது.