பிரேமினி வீட்டு ஆம்பிளைக் குரல்

பிரேமினியின் வீட்டில் பகல் நேரத்தில் ஓர் ஆம்பிளைக் குரல் கேட்கிறது என்ற செய்தி, வட்டகொடைப் பக்கத்துத் தோட்டத்தின் கீழ்லயத்து வரிசை வீடுகள் முழுக்கச் சுற்றிவிட்டு, கடைசியாகத்தான் அவள் மாமியார் நாகலெட்சுமியின் காதுக்கு வந்தது.

சொன்னவள் பக்கத்து வீட்டு ஜீவராணி. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் சுவர்தான்.

"நான் ஒண்ணும் ஒட்டுக் கேக்கலக்கா. அவன் கொஞ்சலா என்னமோ கேக்குறான். இவளும் கொஞ்சலா பதில் சொல்றா. மத்தியானம் பூரா இதே கதை."

"என்ன பாஷையில?"

"தமிழும் இல்ல, சிங்களமும் இல்ல."

மகன் சுதாகரன் இத்தாலியில் இருக்க, மருமகள் இங்கே யாரோடு கொஞ்சுகிறாள்? நாகலெட்சுமி கொழுந்துக் கூடையை வாசலில் போட்டுவிட்டு உள்ளே பாய்ந்தாள். அங்கே பிரேமினியையும் ஒரு போனையும் தவிர வேறு யாரும் இல்லை.

"கோமே ஸ்தாய்?" என்றது போன்.

"பாடம் மாமி. இத்தாலியன் படிக்கிறேன். 'எப்படி இருக்கிறாய்'னு கேக்குறாரு" என்றாள் பிரேமினி.

சுதாகரன் அங்கே வயதான ஓர் அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் நாலு வருஷமாக இருந்தான். அந்த வீட்டுக்குச் சமையலுக்கு ஆள் தேவைப்பட்டது. பிரேமினியைக் கூப்பிட்டுக்கொள்ளலாமா என்று அவன் கேட்டதற்கு, முதலில் போனில் முகம் பார்த்துப் பேசுகிறேன், பிடித்தால் வரட்டும் என்று சொல்லிவிட்டார் அந்த அம்மா, சுதாகரன் 'சின்யோரா' என்று கூப்பிடும் எஜமானி.

"நீ சும்மா சிரிச்சிக்கிட்டு இரு. நான் பக்கத்துல நின்னு பேசிக்கிறேன். எனக்கு இத்தாலியன் தண்ணி பட்ட பாடு" என்றான் சுதாகரன்.

பிரேமினிக்கு மனசு கேட்கவில்லை. கல்யாண மாலை வாடும் முன்னே போன புருஷன். வெறும் சிரிப்பை நம்பி இந்த வாய்ப்பை விட்டுவிட்டால்? அவனிடம் சொல்லாமலே, கேட்டுப் படிக்கும் பாடம் ஒன்றைப் போனில் இறக்கிக்கொண்டாள்.

"படி. ஆனா அந்த ஆளு சத்தம் வெளிய கேக்கக் கூடாது" என்றாள் மாமியார்.

பிரேமினி காதில் இயர்போனைச் செருகிக்கொண்டாள். அதன்பிறகு அவள் குரல் மட்டும்தான் கேட்டது. பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது, "பேனே, கிராட்சியே" என்று சுவரிடம் தன் நலத்தையும் நன்றியையும் சொல்லிச் சிரித்தாள். போகிற வழியில் தேயிலைச் செடியிடம் பெயர் விசாரித்தாள்.

ஜீவராணி மறுபடியும் வந்தாள்.

"இப்ப அந்த ஆம்பள சத்தம் இல்லக்கா."

"நல்லதுதானே?"

"ஆளே இல்லாம பேசுறாளேக்கா!"

"அது பாடம்" என்று நாகலெட்சுமி அதட்டி அனுப்பினாள். உள்ளே போய்ப் பார்த்தால் போன் சார்ஜில் கிடந்தது. பிரேமினி வெறும் காதோடு அடுப்படியில் நின்று, பருப்புச் சட்டியிடம் உருக்கமாக என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். நாகலெட்சுமி உடனே கோயில் பூசாரிக்கு ஆள் அனுப்பினாள்.

மறுநாளே பூசாரி பழனியாண்டி உடுக்கோடு வந்துவிட்டார். லயமே வாசலில் கூடியது. பிரேமினியை நடுவில் உட்காரவைத்து, காதருகே உடுக்கை அடித்து, "யாரு நீ?" என்று ஒரு அதட்டுப் போட்டார்.

பதற்றத்தில் அவள் வாய், பழகிய பதிலையே சொன்னது.

"மீ கியாமோ பிரேமினி."

கூட்டம் நாலடி பின்வாங்கியது.

"எங்கேருந்து வந்த?"

"வெங்கோ தல்லோ ஸ்ரீலங்கா."

பூசாரி உடுக்கைக் கீழே வைத்தார். "ஊரு நம்ம ஊருதான். பேச்சுதான் சீமைப் பேச்சு. இது அந்தக் காலத்து பங்களா தொரசாணி. எனக்கு அடங்காது."

வேறு வழியில்லாமல் பிரேமினி அத்தனை பேர் முன்னாலும் போனைச் சத்தமாகப் போட்டு, உண்மையைச் சொன்னாள். யாரும் முழுசாக நம்பவில்லை. அந்த அம்மா பேசுகிற அன்றைக்கு நேரில் வந்து பார்ப்பதாகச் சொல்லிக் கலைந்தார்கள்.

சொன்னபடி வந்தார்கள். பழனியாண்டிக்கு முன்வரிசையில் நாற்காலி. போனில் வெள்ளைத் தலையோடு சின்யோரா தெரிந்தார். பக்கத்தில் சுதாகரன் நின்றான்.

"நான் பேசிக்கிறேன், நீ சிரி" என்றான்.

பிரேமினி சிரிக்கவில்லை. "புவோன்ஜோர்னோ, சின்யோரா" என்று வணக்கம் சொல்லித் தொடங்கினாள். தன் பெயர், ஊர், நன்றாகச் சமைப்பாள் என்பது, புருஷனைப் பார்த்து நாலு வருஷமாகிறது என்பது, எல்லாவற்றையும் இத்தாலியனில் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். கடைசியில் குரல் உடைந்தது.

சின்யோரா அவளையே பார்த்தார். பிறகு திரும்பிச் சுதாகரனைப் பார்த்தார். சுதாகரனுக்கு வேர்த்துக் கொட்டியது. "லைன் சரியில்ல, பெறகு எடுக்குறேன்" என்று அவசரமாகப் போனை நோக்கிக் கையை நீட்டினான்.

அந்தக் கையைத் தட்டிவிட்டு, சின்யோரா போனுக்குக் கிட்டே வந்தார்.

"அப்பாடா, ஒங்களுக்காவது எங்க பாஷை வருதே, சீக்கிரம் வாங்கம்மா! ஒங்க வீட்டுக்காரருக்கு ஒரு வார்த்தையும் ஏறல, வேற வழியில்லாம நாந்தான் தமிழ் படிச்சேன்."