என் சிறுநீரகத்தில் மூன்று நாள் காவல்

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. நான் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்பித்தான் மேலே எழுதுகிறேன்.

எனக்கு ஆபரேஷன் என்று கேள்விப்பட்டு நீ பெட்டி கட்டுவதாக உன் அண்ணி சொன்னாள். அவிழ்த்துவிடு. அது ஆபரேஷனே இல்லை. வலது சிறுநீரகத்தில் கோலிக்குண்டு அளவு கட்டி. புற்றுநோய்தான், மறைக்கவில்லை. கத்தி வைக்காமல் முதுகு வழியாக ஊசி செலுத்தி, அதை அங்கேயே உறைய வைத்துக் கொன்றுவிட்டார்கள். மறுநாளே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

செத்த கட்டியை எப்போது வெளியே எடுப்பீர்கள் என்று டாக்டரம்மாவைக் கேட்டேன். எடுக்க மாட்டார்களாம், உள்ளேயே கிடந்து கரையுமாம். அந்த மிச்சத்தைப் பார்த்து உடம்பின் எதிர்ப்புச் சக்தி புற்றுநோயை அடையாளம் கண்டுகொள்ளலாம், ஆனால் உறுதியில்லை, ஆராய்ச்சி நடக்கிறது, உங்கள் ரத்தமும் கொஞ்சம் வேண்டும் என்றார். உறுதியில்லை என்றதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முப்பத்திரண்டு வருடம் ஃபேக்டரி கேட்டில் செக்யூரிட்டி சூப்பர்வைசராக இருந்தவன் நான். திருடன் சிக்கினால் போலீஸ் வருவதற்குள் மூன்று ஷிஃப்ட் ஆட்களையும் வரவழைத்து அவன் முகத்தைக் காட்டிவிடுவேன். அப்புறம் அவன் மீசையை மழித்துக்கொண்டு வந்தாலும் உள்ளே விடமாட்டார்கள். அதே ஏற்பாடுதான் எனக்குள்ளும் நடக்கிறது என்று சட்டென்று விளங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்த அன்று மாலையே காய்ச்சல் நூறு. இரண்டு மூன்று நாள் லேசாகக் காயும், மாத்திரை போட்டுக்கொள்ளுங்கள் என்று எழுதித்தான் கொடுத்திருந்தார்கள். ஆள் கூடினால் இடம் சூடாகத்தானே செய்யும்? அந்த நேரத்தில் மாத்திரை போட்டால் டியூட்டிக்கு வந்தவனை வீட்டுக்கு அனுப்பின கணக்குதான். மாட்டவே மாட்டேன் என்றுவிட்டேன். உன் அண்ணி கெஞ்சினாள், கத்தினாள், அப்புறம் என்னவோ நினைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் பழைய கேட் ரிஜிஸ்டரில் மணிக்கொரு தரம் காய்ச்சலைக் குறித்து வைத்தேன். நூறு, நூற்றொன்று, காபி குடித்த பிறகு தொண்ணூற்றொன்பது. மறுநாளும் அதேதான். காபி உள்ளே போனதும் என் ஆட்கள் தெம்பாகி அடித்து விரட்டுகிறார்கள். மூன்றாம் நாள் சுத்தமாக நார்மல். ஒரு மாத்திரையைக்கூட நான் தொடவில்லை. நேற்று செக்கப்பில் ரிஜிஸ்டரை டாக்டரம்மாவிடம் காட்டினேன். அவர் உன் அண்ணியைப் பார்த்தார், உன் அண்ணி ஜன்னலைப் பார்த்தாள். இரண்டு பேரும் அசந்துபோய்விட்டார்கள் போலிருக்கிறது.

ஸ்கேன் அடுத்த மாதம். கட்டி முழுசாகச் செத்ததா, மிச்சம் உயிரோடு இருக்கிறதா என்று அதில்தான் தெரியுமாம். எனக்குத் தெரியாததா? உள்ளே காவல் பலமாக இருக்கிறது. ஆகவே நீ இங்கே வந்து அழுது ரகளை பண்ண ஒரு வேலையும் இல்லை. அங்கேயே இரு.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. உன் பிள்ளைகள் ஒரு தலைவலிகூட இல்லாமல் நெடுங்காலம் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் உன் அண்ணி இதைப் படித்துவிட்டாள். "அந்தக் காபியிலதான் மூணு நாளும் மாத்திரையப் பொடிச்சுப் போட்டேன். டாக்டரம்மாகிட்ட போன்ல கேட்டுக்கிட்டுத்தான் போட்டேன்" என்கிறாள். முப்பத்திரண்டு வருடத்தில் எனக்குத் தெரியாமல் ஒரு நட்டு போல்ட் அந்த கேட்டைத் தாண்டியதில்லை. இங்கே ஆறு மாத்திரை தாண்டியிருக்கிறது. அப்படியென்றால் உள்ளே யாராவது டியூட்டியில் இருக்கிறார்களா இல்லையா என்றே எனக்குத் தெரியாது. பயமாக இருக்கிறது. பெட்டியை மறுபடி கட்டு. ஸ்கேனுக்கு முன்னால் வந்துவிடு.