மாமாவின் பேணியில் ஒரு சொட்டு வினாகிரி

“உனக்குத் தெரிஞ்ச ஒரே கல்லு அம்மிக்கல்லுதான் பிள்ளை. கெமிஸ்ரி உனக்கு ஏலாது.”

உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்கப் போகிறேன் என்றதும் பெரிய மாமா சொன்னது இது. சாம்பல்தீவில் எங்கள் குடும்பத்தில் ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். தலையை நிமிர்த்திக்கொண்டுதான் திருகோணமலை நகரத்து விடுதிக்கு வந்து சேர்ந்தேன். அங்கே வினாகிரி இருந்தாள்.

வினாகிரியின் நாக்குப் படாத கல் திருகோணமலையில் ஒன்றும் மிச்சமில்லை. கிளிவெட்டி ஊர்க்காரி, எனக்கு ஒரு வகுப்பு மேலே. வழியில் கிடக்கும் கல்லை எடுப்பாள், துடைப்பாள், நக்குவாள், யோசிப்பாள். ஈரம் பட்டால்தான் கல்லின் உண்மையான நிறம் தெரியுமாம். கையில் தண்ணீர்ப் போத்தல் இருந்தாலும் நக்கித்தான் பார்ப்பாள். கடற்படைக்காரர் மட்டும் விட்டிருந்தால் துறைமுகம் முழுவதையும் நக்கி முடித்திருப்பாள்.

நக்கியும் பிடிபடாத கல்லுக்கு, அவளுக்கே பட்டப்பெயராகிப்போன வினாகிரி என்ற புளிக்காடி. கண்மருந்துக் குப்பி ஒன்றில் அதை நிரப்பி எப்போதும் கொண்டு திரிவாள். அச்சாறு போட வைத்திருந்த வினாகிரியில் புளிப்பே இல்லை என்று விடுதி மேட்ரன் அன்ரி கடைக்காரரோடு சண்டை பிடித்தார். குப்பிக்கு எடுத்த அளவுக்குத் தண்ணீர் விட்டுவைத்தவள் பக்கத்தில் நின்று, ஓம் அன்ரி, ஏமாத்திப்போட்டாங்கள் என்று தலையாட்டினாள்.

சொட்டு விட்டதும் நுரைத்தால் அது சுண்ணாம்பின் வகை. கோட்டைப் பக்கத்து வெள்ளைக்கல் பேசாமல் கிடந்தது. கடற்கரையில் ஒதுங்கும் பவள முருகைக்கல் நுரைத்தது, முட்டைக்கோதும் நுரைத்தது. ஒரு ஞாயிறு பூசை முடிந்து எல்லோரும் எழுந்த பிறகும் அவள் முழந்தாளில் குனிந்தபடியே இருந்தாள். இப்படியொரு பக்தியை எந்தப் பிள்ளையிடமும் கண்டதில்லை என்று அன்ரிக்குக் கண் கலங்கிவிட்டது. அவளோ தேவாலயத்துப் படி நுரைக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் தவணைப் பரீட்சையில் இரசாயனவியல் என்னைக் கவிழ்த்தது. சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் என்ன ஆகும், அதில் நீர் ஊற்றினால் என்ன, காற்றில் வைத்தால் என்ன? ஒரு வரியும் எழுத வரவில்லை. கலைப் பிரிவுக்கு மாறி ஊரிலேயே படிக்கிறேன் என்று வீட்டுக்குச் சொல்லிவிட்டேன். கூட்டிப்போக மாமாதான் வந்தார். பார்வையாளர் அறைக் கதிரையில் வெற்றிலையோடு சாய்ந்து, தான் அப்பவே சொன்னதை அன்ரிக்கு விளக்கத் தொடங்கினார். என் பெட்டி வாசலில் இருந்தது.

வினாகிரி உள்ளே வந்தாள். ஒரு வார்த்தை கேட்காமல் மாமா வெற்றிலைக்குச் சுண்ணாம்பு வைத்திருந்த தகரப் பேணியைத் தூக்கினாள்.

“பிள்ளை, அது தின்னுற சாமான்” என்றார் மாமா.

அவள் உள்ளே இருந்த ஈரச் சுண்ணாம்பில் ஒரு சொட்டு விட்டாள். ஒன்றும் ஆகவில்லை. காய்ந்து இறுகிப்போன விளிம்பில் விட்டாள். நுரை பொங்கியது.

“ஒரே பேணி, ஒரே சுண்ணாம்பு. உள்ளுக்கை சும்மா கிடக்குது, விளிம்பு பொங்குது. ஏனெண்டு சொல்லிப்போட்டு நீ வீட்டை போ” என்றாள் என்னிடம்.

ஊர்ச் சூளையில் சுட்ட முருகைக்கல், நீர் ஊற்றியதும் கொதித்த பானை, நத்தார்ப் பண்டிகைக்கு அப்பா வெள்ளையடித்த சுவர் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக என் முன்னால் வந்து நின்றன. வாய் தானாகத் திறந்தது.

“சுடேக்க கல்லிலயிருந்து காபனீரொட்சைட்டு வாயு போயிடும். தண்ணி ஊத்தினால் இந்தச் சுண்ணாம்பு. ஈரமா இருக்கிறதுக்குள்ள அந்த வாயு இல்லை, அதுதான் பொங்கேல்லை. விளிம்பு காத்திலயிருந்து அதைத் திரும்ப எடுத்து, திரும்பவும் கல்லாயிட்டுது.”

“காத்தில அது எங்கால வந்தது?” மாமா கேட்டார்.

“நீங்கள் விடுற மூச்சிலயும் இருக்கு மாமா” என்றாள் வினாகிரி. “பேணியைத் திறந்து வச்சுக்கொண்டு ஊர்க்கதை கதைக்கிறனீங்கள்தானே. அதுதான் இறுகிக் கிடக்குது.”

மாமா பேணிக்குள் எட்டிப் பார்த்தார். “அப்ப நான் இவ்வளவு காலமும் திண்டது என்ர மூச்சையோ?”

நான் விரலால் பேணியின் விளிம்பைத் தொட்டுப் பார்த்தேன். கடலடியில் பூச்சிகள் கட்டிய முருகைக்கல்லும், எங்கள் வீட்டுச் சுவரும், மாமாவின் ஊர்க்கதையும் ஒரே பொருள். கல்லாகவும் காற்றாகவும் மாறி மாறிச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதற்கு நடுவில் நாங்கள் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம்.

மாமா பேணியை இறுக்கி மூடினார். “பெட்டி இஞ்சயே கிடக்கட்டும்” என்று சொல்லிவிட்டுத் தனியே பஸ் ஏறினார். அதன்பிறகு பேணி திறந்திருக்கும்போது அவர் வாய் திறந்ததை ஊரில் யாரும் காணவில்லை.

போன கிழமை பல்கலைக்கழகத்துக்குக் கல்லையும் மண்ணையும் ஆராயும் புவிச்சரிதவியல் படிக்க வந்து சேர்ந்தேன். பெட்டியைத் திறக்கும் முன்னரே அறைச் சுவரில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். நுரைத்தது. பக்கத்துக் கட்டில்காரி அலறிக்கொண்டு வெளியே ஓடினாள். இங்கே பழைய வினாகிரியை அறிந்தவர் யாருமில்லை. ஆனாலும் அடுத்த நாளே எல்லோரும் என்னை வினாகிரி என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள்.

என் சொந்தப் பெயரை நான் இன்னும் யாருக்கும் சொல்லவில்லை.