பரணுக்குப் போன லைஃப் ஜாக்கெட்

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் அன்று காலை மீன் பிடிக்க ஏரிக்குக் கிளம்பி வீட்டை விட்டு இறங்கும்போதே பாதி ஜெயித்துவிட்டார். மனைவி வாங்கிக் கொடுத்த ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட், பரணில் பழைய பெட்டிகளுக்குப் பின்னால் பத்திரமாக இருந்தது. அதைப் போட்டால் பூசணிக்காய்க்குக் கைகால் முளைத்த மாதிரி இருக்கிறது என்று எதிர்வீட்டு எலக்ட்ரீசியன் சிரித்ததிலிருந்து, அவருக்கு அதைக் கண்டாலே ஆகாது.

"லைஃப் ஜாக்கெட் எங்கேங்க?" என்றாள் மனைவி. தையல் கடை வைத்திருப்பவள்.

"தேடிப் பார்த்துட்டேன், காணோம். எனக்கு எதுக்கு அது? கல்யாணத்துக்கு முன்னாடி ஆத்தையே குறுக்க நீந்தினவன் நான்!"

மனுஷர் இடுப்பளவுத் தண்ணீரில்கூட இறங்கியதில்லை. பெண் பார்க்கப் போன அன்று வாய் தவறி விட்ட பொய். இன்றுவரை கட்டிக் காப்பாற்றி வருகிறார்.

"சரி விடுங்க. இந்தக் கோட்டையாவது போட்டுக்குங்க. ஏரியில குளிரும்."

கையில்லாத நீலக் கோட்டு, அவளே தைத்தது. கொஞ்சம் மொத்தம்தான். ஆனாலும் கண்ணாடியில் ஒரு கப்பல் கேப்டன் தெரிந்தார்.

"பட்டனைக் கழட்டாதீங்க. படகுல எழுந்து நிக்காதீங்க."

"நான் என்ன சின்னப் பிள்ளையா?"

ஏரியில் முதல் மீன் தூண்டிலைக் கடித்ததும் சின்னப் பிள்ளை துள்ளி எழுந்தது. "எங்க, எங்க?" என்று கூட வந்திருந்த எலக்ட்ரீசியனும் அதே பக்கம் எட்டிப் பார்த்தார். படகு சாய்ந்தது. அவர் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். நம்மவர் தொபுக்கடீர்!

தொலைந்தோம் என்று கண்ணை மூடினார். திறந்தால், தலை தண்ணீருக்கு மேலே! காலை உதைத்தார். நகர்ந்தார்!

"அண்ணே, துடுப்பைப் பிடிங்க!"

"துடுப்பு எதுக்குய்யா? நீ ஓரமாப் போ!"

கரையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். இத்தனை வருஷப் பொய் ஒரே நாளில் உண்மையாகிவிட்டது. சொட்டச் சொட்ட, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தார்.

"பார்த்தியா? படகு கவுந்தும் நீந்தியே கரை சேர்ந்தேன்! ஊரே கைதட்டுச்சு!"

மனைவி துண்டை நீட்டினாள். கோட்டை வாங்கி, கத்திரிக்கோலால் உள்துணியைப் பிரித்தாள். மொத்தமான ஃபோம் துண்டுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

"பரண்ல ஒளிச்சு வெச்சீங்களே, அதோட வயித்துக்குள்ள இருந்தது. ஏரியை நீந்தினது இதுதான்."

அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

"நாளையிலிருந்து நீச்சல் வகுப்பு. பேர் கொடுத்துட்டேன். சின்னப் பிள்ளைங்களோடதான்."