நாற்காலியின் கழுத்து

விரிசல் ஒரு தலைமுடி அகலம்தான் இருந்தது. ஆர்லோ சன்ட்வால்ட் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிப் பார்த்தார், இறக்கிப் பார்த்தார், ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோயும் பார்த்தார். எப்படிப் பார்த்தாலும் அது அங்கேயேதான் இருந்தது. துப்பாக்கியின் பின்கட்டையில், கை பிடிக்கிற ஒடுங்கிய கழுத்தில், கோணலாக.

துடைக்கலாமென்று வெளியே எடுத்து வந்தவர், ஒரு நிமிடம் அதை வண்டியின் பின்கதவில் சாய்த்து வைத்தார். நாய் மேபல் பக்கத்தில் வந்து வாலை ஆட்டியது, வால் பட்டுத் துப்பாக்கி சரிந்து விழுந்தது. அவ்வளவுதான். அக்டோபர் கடைசியில் மொன்டானா மண் கல்லாக இறுகிக் கிடக்கும்.

"வாலை ஆட்ட வேற இடமே கிடைக்கலையா உனக்கு?"

மேபல் இன்னும் வேகமாக ஆட்டியது.

அன்று செவ்வாய்க்கிழமை. வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்கு இந்தத் துப்பாக்கியை அண்ணன் வெர்லின் கையில் கொடுக்க வேண்டும்.

அப்பா உயிலில் அப்படித்தான் எழுதி வைத்திருந்தார். துப்பாக்கி ஒரு வருஷம் பெரியவனிடம், ஒரு வருஷம் சின்னவனிடம். மான் வேட்டை தொடங்குவதற்கு முந்தின நாள் கையிலிருந்து கைக்கு மாற வேண்டும், யார் மூலமாகவும் அனுப்பக் கூடாது. ஒருவன் கொடுக்காவிட்டாலும் சரி, மற்றவன் வாங்காவிட்டாலும் சரி, அன்றோடு ஏற்பாடு முடிந்தது, விற்றுவிட வேண்டும். வக்கீல் இதைப் படித்தபோது அண்ணனும் தம்பியும் முழங்கையால் இடித்துக்கொண்டு சிரித்தார்கள். அப்போதெல்லாம் இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

முதல் வருஷம் துப்பாக்கி வெர்லினிடம் இருந்தது. அடுத்த வருஷம் நடீனின் தீவனக் கடையில் அதை நீட்டியபோது அண்ணன் தலை நிமிரவில்லை. "இந்தா" என்றார். போய்விட்டார். கன்றுக்குட்டிக்குச் சூடு போடும்போதுகூட அதனிடம் கதை சொல்லிக்கொண்டிருக்கிற மனுஷன் அவர். அன்றோடு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு நின்றது, தொலைபேசி நின்றது. ஓடை ஓடுகிற நிலம் தனக்கும், தண்ணீரில்லாத கிழக்குப் பக்கம் அண்ணனுக்கும் வந்ததில் கோபம் என்று ஆர்லோ முடிவு செய்துகொண்டார். கேட்கவில்லை. கேட்காமலே வருஷங்கள் போயின.

ஒன்பது கைமாற்றம், ஒன்பது பேச்சு. ஆர்லோவுக்கு எல்லாம் மனப்பாடம். மூன்றாம் வருஷம், "பனி சீக்கிரம் வரும்போல." ஐந்தாம் வருஷம், "ம்." அந்த 'ம்'மை அவர் ஒரு குளிர்காலம் முழுக்க அடுப்பருகே உட்கார்ந்து யோசித்தார். ஏழாம் வருஷம், "இளைச்சுட்டே." அதை வைத்து இரண்டு வருஷம் ஓட்டினார்.

பன்னிரண்டு மைல் தள்ளி இருக்கிற அண்ணனை வருஷத்தில் அரை நிமிடம் பார்க்க ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணத்தின் கழுத்தில்தான் இப்போது விரிசல்.

புதன்கிழமை காலை கடை திறந்ததும் போய் நின்றார்.

"மரப்பசை குடு, நடீன்."

நடீனுக்கு அறுபது வயது. அந்த வட்டாரத்தில் யார் எதை உடைத்தாலும் முதலில் அவளுக்குத்தான் தெரியும்.

"எதுக்கு?"

"நாற்காலிக்கு."

"நாற்காலிக்கு என்ன?"

"கழுத்துல விரிசல்."

"நாற்காலிக்கு ஏது ஆர்லோ கழுத்து?"

"என் நாற்காலிக்கு இருக்கு."

நடீன் அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் பசையை எடுத்து வைத்தாள்.

வீட்டுக்கு வந்து மேல் திருகைக் கழற்றிக் கட்டையைப் பின்பக்கமாக உருவினார். தொண்ணூறு வருஷத்துத் துப்பாக்கி, எண்ணெய் ஊறி உள்ளே கன்னங்கரேலென்று இருக்கும் என்று நினைத்திருந்தார். அப்போதுதான் வெட்டின ரொட்டிபோல வெளுப்பாக இருந்தது. அப்பா எவ்வளவு சுத்தமாக வைத்திருந்திருக்கிறார்! ஆர்லோவுக்குக் கண் கலங்கிவிட்டது. வெளிப்புறத்துக் காயங்களை விரலால் தடவினார். இது வேலி தாண்டும்போது பட்டிருக்கும். இது சேணத்தில் உரசினது. அப்பாவின் கன்னம் படிந்த இடம் இது.

விரிசலில் பசை விட்டு, இடுக்கியில் கொடுத்து முடுக்கினார். விரிசல் மூடியது. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் இது அண்ணன் கைக்குப் போகிற பொருள். இன்னும் அரைச் சுற்று முடுக்கினார்.

டக்.

கட்டை இரண்டாகிவிட்டது.

"ஒண்ணுமில்ல, மேபல்" என்றார். மேபல் எதுவும் கேட்டிருக்கவில்லை.

மதியம் மறுபடி கடை.

"கால் அங்குலப் பித்தளைக் கம்பி. மரத்துல ஓட்டை அடைக்கிற மாவு."

"நாற்காலி எப்படி இருக்கு?"

"ரெண்டா இருக்கு."

"யாராவது பெரிய ஆள் உக்காந்துட்டாங்களா?"

"யாரும் உக்காரல. என் வீட்டுக்கு யார் வர்றா உக்கார?"

நடீன் கம்பியைத் தாளில் சுற்றினாள். ஏதோ சொல்ல வாயெடுத்து, "தாள் வேணுமா, பை வேணுமா?" என்று கேட்டாள். தாள் ஏற்கெனவே சுற்றியாகிவிட்டது.

இரண்டு துண்டுகளையும் உள்ளே கம்பி கொடுத்து இணைப்பது நல்ல யோசனைதான். துளைக்கருவி நேராகப் போயிருந்தால். அது கழுத்துக்குள் நுழைந்து, பாதி வழியில் மனம் மாறி, பக்கவாட்டில் எட்டிப் பார்த்தது. அந்த ஓட்டையை மாவு வைத்து அடைத்தார். மாவு காய்ந்ததும் தேய்த்தார். தேய்த்த இடம் மட்டும் பளிச்சென்று தெரிந்ததால் பக்கத்திலும் தேய்த்தார். நிமிர்ந்து பார்த்தபோது வேலியும் இல்லை, சேணமும் இல்லை, அப்பாவின் கன்னமும் இல்லை. கட்டை மொழுமொழுவென்று இருந்தது.

நிறம் வரவேண்டுமென்று கெட்டியாகக் காபி போட்டுத் தடவினார். போதவில்லை. பழுப்பு பூட்ஸ் பாலிஷ் போட்டார். முன்பாதி காபியாகவும் பின்பாதி பூட்ஸாகவும் நின்றது. உள்ளே கம்பி லொடலொடவென்று ஆடியது.

வியாழக்கிழமை.

"பச்சைத்தோல் இருக்கா, நடீன்?"

"நாய் கடிக்கிற தோல் எலும்புதான் இருக்கு."

"ஊற வெச்சுப் பிரிச்சா அதுவும் பச்சைத்தோல்தானே?"

"நாற்காலிக்கா?"

"நாற்காலிக்குத்தான்."

நடீன் கவுண்டர் மேல் இரண்டு கைகளையும் ஊன்றினாள். "ஆர்லோ, அந்த நாற்காலியை நாளைக்கு நாலு மணிக்கு யாருக்காவது குடுக்கணுமோ?"

ஆர்லோ தொப்பியைச் சரிசெய்தார்.

"அவருகிட்ட உள்ளதைச் சொல்லிடுங்களேன். உடைஞ்சுபோச்சு, அவ்வளவுதானே?"

"அவ்வளவுதானா? அப்பாவோட கட்டை நடீன், அது! என்கூட அவனைச் சேத்து வெச்சிருக்கிறதே அது ஒண்ணுதான். உடைச்சுக் குடுத்தா வாங்குவானா? இல்ல, கேக்குறேன், நீயா இருந்தா வாங்குவியா?"

நடீன் அலமாரிப் பக்கம் திரும்பினாள். தோல் எலும்பு நாலு எடுத்து வைத்தாள். அவள் முகம் அஜீரணம் வந்தவள்போல இருந்தது.

அந்தக் காலத்துக் குதிரைக்காரர்கள் இப்படித்தான் செய்வார்கள். ஈரத்தோலைக் கழுத்தில் இறுக்கிச் சுற்றித் தைத்துவிட்டால், காயக் காயச் சுருங்கி இரும்பாகப் பிடித்துக்கொள்ளும். பிடித்துக்கொண்டது. வெள்ளிக்கிழமை காலை ஆர்லோ கட்டையை உலுக்கிப் பார்த்தார், முழங்காலில் தட்டிப் பார்த்தார். அசையவில்லை. மூன்று நாளில் முதல்முறையாக விசிலடித்துக்கொண்டு, அதை அடுப்பருகே வைத்துவிட்டு மாடுகளுக்கு வைக்கோல் போடப் போனார்.

போகிற வழியில் இந்த வருஷத்துக்கான வாக்கியத்தை ஒத்திகை பார்த்தார். ஒவ்வொரு வருஷமும் ஒன்று தயார் செய்வார், சொன்னதில்லை. இந்த வருஷத்து வாக்கியம், "வா, ஒரு காபி குடிச்சிட்டுப் போலாம்." வைக்கோலைப் பார்த்துச் சொன்னார். ஒரு கிழட்டுப் பசுவிடம் சொன்னார். நன்றாகத்தான் வந்தது.

திரும்பி வந்தபோது மேபல் நடுக்கூடத்தில் கால்களுக்கிடையே கட்டையை வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, மெதுவாக, ரசித்து மென்றுகொண்டிருந்தது. தோல் முழுவதும் உள்ளே போயிருந்தது. கூடவே கட்டையின் அடிமுனையில் இரண்டு அங்குலம்.

ஆர்லோ கத்தவில்லை. ஆறு வருஷமாக இதே மாதிரித் தோலைக் காட்டி 'இது உனக்கு' என்று சொல்லிக்கொண்டிருந்தவர் அவர்தானே. நாற்காலியில் உட்கார்ந்தார். நாற்காலி ஒரு குறையுமில்லாமல் அவரைத் தாங்கியது.

மூன்றரை மணிக்குக் கட்டையில் கறுப்பு ஒயர் டேப்பை முழுச்சுருளும் சுற்றி, அதைத் துப்பாக்கியில் மாட்டினார்.

கடையில் வெர்லின் முன்னமே வந்து, மாடுகள் நக்குகிற உப்புக்கட்டிகளின் பக்கத்தில் நின்றிருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. போன வருஷம் காதோரம்தான் இருந்தது. ஆர்லோ துப்பாக்கியைக் கவுண்டரில் வைத்தார். காபி நிறமும் பூட்ஸ் நிறமும் கறுப்பு டேப்பும் பல் தடமுமாக அது கிடந்தது.

வெர்லின் அதைப் பார்த்தார். முகம் வெளுத்துப்போயிற்று.

"கழட்டினியா?" என்றார்.

"கழட்டினேன்."

"உள்ள பாத்தியா?"

"பாத்தேன்." ஆர்லோ டேப்பின் முனையை அழுத்தி ஒட்டினார். "எல்லாத்தையும் பாத்தேன். இனிமே மறைக்கிறதுக்கு என்ன இருக்கு?"

வெர்லின் தொப்பியைக் கழற்றினார். அதன் உட்புறத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். திரும்பத் தலையில் வைத்துக்கொண்டு, துப்பாக்கியைத் தொடாமல், கதவைத் திறந்து போய்விட்டார். கதவு மணி அடித்து ஓய்ந்தது.

ஆர்லோ அசையாமல் நின்றார். ஜன்னலுக்கு வெளியே அண்ணனின் வண்டி தெரிந்தது. உள்ளே ஏறி உட்கார்ந்தவர் வண்டியைக் கிளப்பவில்லை. ஸ்டியரிங்கின் மேல் நெற்றியை வைத்திருந்தார். லேசாகப் பனி விழ ஆரம்பித்தது.

"வாங்கல" என்றார் ஆர்லோ. குரல் அவருக்கே கேட்கவில்லை. "பாத்தியா நடீன், வாங்கல. அடுத்த வருஷம் இங்க வர்றதுக்கு எனக்கு வேலையில்ல. அவ்வளவு கோபம் அவனுக்கு என்மேல."

நடீன் கையிலிருந்த துணியைப் பட்டென்று கவுண்டரில் போட்டாள்.

"கோபமாவது மண்ணாவது! உங்க அப்பாவோட கட்டையை முதல் வருஷமே வண்டி ஏத்தி நொறுக்கிட்டு, என்கிட்ட சத்தியம் வாங்கிட்டு, புதுக்கட்டையைத் தபால்ல வரவழைச்சுப் பழசு மாதிரி தேச்சு உங்க கையில குடுத்தாரு உங்க அண்ணன். வாயைத் திறந்தா எங்க உளறிடுவோமோன்னுதான் அந்த மனுஷன் இத்தனை வருஷமா உங்ககூடப் பேசல."