நாற்பது கம்பிச் சக்கரம்

இனிமேல் என் சைக்கிளில் என் மச்சானின் பின்பக்கம் படாது. ஆற்றுப் பாலத்துப் பள்ளத்தில் பின்சக்கரம் எட்டுப் போல மடங்கிய அன்றே இந்தச் சபதத்தை எடுத்தேன்.

மச்சான் பெயர் காம்வெண்டோ. எங்கள் மொழியில் 'சின்னக் கால்' என்று அர்த்தம். கால் மட்டும்தான் சின்னது. இருவருக்கும் ஒரே தேயிலை ஆலையில் வேலை. இரண்டு வருடமாக நான் மிதித்தேன். அவர் கேரியரில் உட்கார்ந்து வழி சொன்னார். முப்பது வருடமாக நான் போகிற வழி! மறுக்கவும் முடியாது. மாப்பிள்ளையாக வந்து அவர்கள் ஊரில் குடியிருப்பவன் நான். எங்கள் வீட்டுச் சண்டையை விசாரிப்பவர் பெண்டாட்டியின் அண்ணன்தான். அவர் மேல் புகார் என்றாலும் அவரிடமே போக வேண்டும்.

அதனால் ஒரு திட்டம் போட்டேன். கம்பி குறைந்த சக்கரம் வாங்குவது. என் ஒல்லி உடம்பை அது தாங்கும். மச்சானைத் தாங்காது.

என் மனைவி எலுபே உடனே ஒத்துக்கொண்டாள். அங்கேதான் நான் உஷாராகியிருக்க வேண்டும்.

“ஆமாங்க, லேசானதாவே வாங்குங்க. நாப்பது கம்பிச் சக்கரமெல்லாம் உங்களுக்கு வேண்டாம்.”

“ஏன் வேண்டாம்?”

“முழு இரும்பாம். வாலிபப் பசங்க மிதிக்கிறது.”

“என் காலுக்கு என்னடி?”

“ஒண்ணுமில்லே. அதான் சொல்றேன், ஒண்ணுமே இல்லே.”

“யாரு சொன்னா?”

“அண்ணன்தான். பாவம் மாப்பிள்ளை, மேட்டுல மூச்சு வாங்குறாருன்னாரு.”

பாவமா? நானா? என்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மனுஷனுக்கு மூச்சைப் பற்றிப் பேச்சு!

நேரே தியோலோ சந்தைக்குப் போனேன்.

“இருக்கிறதிலேயே கெட்டியானதை எடுப்பா!”

கடைக்காரர் லிகோஸ்வே உள்ளேயிருந்து ஒன்றைக் கொண்டுவந்தார். வளையத்தில் மீன் படம் போட்ட பச்சைத் துணித்துண்டு கட்டியிருந்தது. கடை அடையாளமாக்கும் என்று அவிழ்த்து எறிந்தேன். கம்பிகளை இரண்டு தடவை எண்ணினேன். நாற்பது. ஒவ்வொன்றையும் சுண்டினேன். எல்லாம் ஒரே சத்தம்.

“ரெண்டு மூட்டை சோளம் தாங்கும், பெரியவரே.”

அதை ஊரில் ஒரு வீடு விடாமல் சொல்லிக்கொண்டே வந்தேன்.

மாட்டி ஓட்டினேன். செம்மண் பள்ளம், வேர், கல், எதிலும் சக்கரம் ஆடவில்லை. மேட்டில் இறங்காமல் ஏறினேன். தேயிலை பறிப்பவர்கள் கை தட்டினார்கள். திரும்பி வந்து எலுபே முன்னால் மணி அடித்தேன்.

“இப்ப என்ன சொல்றே?”

“நான் தோத்துட்டேங்க.”

முப்பது வருடத்தில் முதல் தடவை! அன்று இரண்டு உருண்டை களி கூடுதலாகச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலையில் கேரியரில் ஒரு மெத்தை. மெத்தை மேல் மச்சான்.

“ரெண்டு மூட்டை தாங்கும்னு ஊரே பேசுது மாப்பிள்ளை. நான் ஒரு மூட்டைதானே?”

வழியனுப்ப எலுபே வந்தாள். இடுப்பில் பச்சைத் துணி. அதில் மீன் படம். ஒரு ஓரம் கிழிந்திருந்தது. நான் சந்தைக்குப் போவதற்கு முதல் நாளே போய்ச் சக்கரத்தைத் தேர்ந்தெடுத்து அடையாளம் கட்டிவிட்டு வந்திருக்கிறாள்.

அன்று கடையில் எண்ண ஆரம்பித்தவன்தான்; இன்னும் கம்பி எண்ணிக்கொண்டிருக்கிறேன்.