இடலீனா கட்டிய வெள்ளை ஈ

இந்த வருஷம் என் பெண்டாட்டியை ஜெயித்தே தீருவது என்று முடிவு பண்ணினேன். முடிவு பண்ணுவது முதல் தடவை இல்லை. கல்யாணம் ஆனதிலிருந்து பண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன். ஜெயித்திருந்தால் அதுதான் முதல் தடவை.

சண்டை ஒரு ரூமைப் பற்றியது. எங்கள் வீட்டின் பின்பக்கம், குளிர்காலத்திலும் வெயில் விழுகிற ஒரே ரூம். அதில் உட்கார்ந்துதான் நான் ஈ கட்டுவேன். வேலையில்லாதவன் ஈ ஓட்டுவான். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற குழாய் ரிப்பேர்க்காரன் ஈ கட்டுவான். தூண்டில் முள்ளில் இறகும் மான் மயிரும் பளபளப்பு நூலும் வைத்துச் சுற்றினால், தண்ணீருக்குள் அது குட்டி மீன் மாதிரி நெளியும். பேர்தான் ஈ. அதை நம்பி ஏமாறுகிற மீனுக்குப் பேர் பாஸ். வெள்ளி உடம்பில் தலையிலிருந்து வால் வரைக்கும் கறுப்புக் கோடு போட்ட கடல் பாஸ். அமெரிக்காவில் எங்கள் கேப் காட் கரையில் ஜூன் மாதம் பிறந்தால் ஆம்பிளைகள் எல்லாரும் அதைத் தேடிக் கிளம்பிவிடுவோம். "வீட்டில் ஒரு பாஸ் இருக்கே அன்செல்மு, அது பத்தலையா?" என்று எங்கள் பாதிரியார் கோயில் வாசலில் வைத்தே கேட்டிருக்கிறார்.

வீட்டு பாஸ் பேர் இடலீனா. பரிசுத்த ஆவி திருவிழாவில் கிரீடம் சுமந்து போகிற பெண்பிள்ளைகளுக்கு, தரையில் மூன்று கஜம் இழுபடுகிற வெல்வெட் அங்கி தைப்பவள். சாப்பாட்டு மேஜையில் விரித்துத்தான் தைப்பாள். நான் மடியில் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிடுவேன். கீரை சூப்பில் ஜரிகை கிடக்கும். மீன் முள் என்று நினைத்து ஓரமாக எடுத்து வைத்துவிடுவேன்.

"செல்மு, அந்த ரூமை எனக்குக் குடு" என்றாள் ஒரு நாள்.

"அது என் பட்டறை."

"பட்டறையா? அதுலேருந்து இதுவரைக்கும் என்ன உற்பத்தியாகி வெளிய வந்திருக்கு? தும்மல்தான் வந்திருக்கு."

"மீன் வந்திருக்கு!"

"யார் கண்டா? என் அடுப்பு இன்னும் பாக்கலை."

"மீன் பிடிக்கிறது தின்னுறதுக்கு மட்டும் இல்ல இடலீனா. அது ஒரு..."

"அது ஒரு சாக்கு. சரி, பந்தயம் வச்சுக்குவோமா? சனிக்கிழமை உன் கூட்டாளிங்களோட போறேல்ல? அன்னைக்கு இந்த அடுப்பங்கரைக்கு ஒரே ஒரு பாஸ் வரட்டும். ரூம் உன்னோடது. சாகுறவரைக்கும் அந்தப் பேச்சை எடுக்க மாட்டேன். வரலைன்னா ரூம் என்னோடது."

பேச்சை எடுக்க மாட்டாளாம்! அதற்காக நான் திமிங்கிலத்தையே தோளில் போட்டுக்கொண்டு வருவேன்.

அதோடு, பந்தயத்தில் ஒரு ஓட்டை இருப்பதையும் பார்த்துவிட்டேன். குழாய்க்காரன் கண்ணுக்கு முதலில் தெரிவது ஓட்டைதான். அடுப்பங்கரைக்கு மீன் வரணும் என்றாளே தவிர, யார் பிடித்த மீன் என்று சொல்லவில்லை! அவள் கோயிலுக்குப் போன நேரம் பார்த்துக் கூட்டாளிகளுக்குப் போன் போட்டேன். வெண்டல் ஊரெல்லாம் தபால் கொடுத்து ஓய்ந்தவன். ஓபெட் படகு எஞ்சின் ரிப்பேர்க்காரன், தூக்கத்திலும் பேசுகிறவன்.

"உங்க ரெண்டு பேர்ல யாருக்கு மீன் மாட்டினாலும் அது என் பெட்டிக்கு வரணும்" என்றேன்.

"எனக்கு என்ன கிடைக்கும்?" என்றான் ஓபெட்.

"உன் வீட்டுக் கக்கூஸ் ஒழுகுதே."

"பாஸ் உனக்குத்தான்!"

மூன்று பேர், மூன்று தூண்டில், ஒரு மீன். இதில் தோற்பதற்கு வழியே இல்லை.

சனிக்கிழமை விடிகிற நேரம். கூட்டாளிகள் வண்டியோடு வாசலில் நிற்கிறார்கள். இடலீனா இனிப்பு ரொட்டியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தாள். ரொட்டிக்கு மேலே மூன்று ஈக்கள்.

வெள்ளை வெளேர் என்று, என் கையைவிட நீளம். திருவிழாத் தொப்பியில் மிஞ்சின இறகு. ஊதினால் மூச்சு விடுவது போல விரிந்து சுருங்கியது. நாற்பது வருஷம் கட்டுகிறேன், என் கையில் அப்படி ஒன்று அமைந்ததில்லை.

"நீயா கட்டினே?"

"உன்னைப் பாத்துப் பாத்துக் கத்துக்கிட்டதுதான். ஆளுக்கு ஒண்ணு. மொதல் வீச்சு இதுலதான் வீசணும், என் ஆசைக்காக."

"எங்களுக்குமா?" வெண்டல் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். அவனுக்குக் கட்டிக் கொடுக்க வீட்டில் யாரும் இல்லை.

ஈ என்றால் கொடு என்றும் ஓர் அர்த்தம் உண்டு. மகராசி, ஈயையே ஈந்தாள். பந்தயத்தில் எதிராளிக்கு ஆயுதம் கொடுக்கிறாளே, மனசு இளகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்சம் பரிதாபமாகக்கூட இருந்தது.

எங்கள் கரையில் கடல் வற்றும்போது கண்ணுக்கு எட்டின தூரம் வரை மணல்தான். வற்றுகிற தண்ணீருக்குப் பின்னாலேயே நடந்துபோய்க் கடைசித் திட்டில் நிற்போம். தண்ணீர் திரும்பும்போது மீனும் கூடவே வரும். தண்ணீர் இடுப்பைத் தொடுவதற்குள் கரையேறிவிட வேண்டும். அதுதான் எங்களுக்குக் கெடு.

அன்றைக்குக் காற்றே இல்லை. மூடுபனி விலகியதும் கடலும் வானமும் ஒரே கண்ணாடி. எது மேலே, எது கீழே என்று தெரியவில்லை. காலடியில் ஒவ்வொரு மணலையும் எண்ணிவிடலாம் போல அவ்வளவு தெளிவு. தண்ணீர் திரும்பிக் கணுக்காலை நனைத்தது.

அப்போது தூரத்தில் மணல் அசைந்தது.

மணல் எங்கேயாவது அசையுமா? அசைந்தது நிழல். நிழலுக்கு மேலே மீன். ஒன்று இல்லை, பத்து இல்லை. ஊர்வலம்! சத்தமே இல்லாமல், அவசரமே இல்லாமல், கோயிலுக்குள் நுழைகிற பெரியவர்கள் மாதிரி வந்துகொண்டிருந்தன. முழங்கால் ஆழத் தண்ணீரில், என் கால் நீளத்துக்கு ஒவ்வொன்று. முதுகில் கோடு கோடாக வெயில் வழிகிறது. வாயை மூடாத ஓபெட் வாயை மூடினான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

வீசினேன். வெள்ளை ஈ பூ விழுகிற மாதிரி விழுந்தது. இழுத்தேன். இறகு விரிந்தது, சுருங்கியது. ஒரு மீன் வரிசையை விட்டு விலகி, யோசித்து, வாயைத் திறந்தது. எவ்வளவு பெரிய வாய்! என் தொப்பி உள்ளே போய்விடும்.

அப்புறம் நடந்ததற்கு என்னிடம் வார்த்தை கிடையாது. ரீல் அலறியது. கயிறு விரலை அறுத்துக்கொண்டு ஓடியது. அது இழுத்த இழுப்பில் நானும் மணலில் பின்னாலேயே ஓடினேன். யார் யாரைப் பிடித்தோம் என்று பார்க்கிறவர்களுக்குக் குழப்பமாக இருந்திருக்கும். கடைசியில் என் முழங்கால் பக்கம் வந்து சாய்ந்து, ஒரு கண்ணால் என்னைப் பார்த்தது. கோபம் இல்லை, பயமும் இல்லை. 'நீ யார்?' என்று கேட்கிற மாதிரி ஒரு பார்வை.

"அள! அள!" என்று கத்தினான் வெண்டல்.

எங்கள் ஊர்ச் சட்டம் இதுதான். பாஸ் இருபத்தெட்டு அங்குலமாவது இருக்கணும். முப்பத்தொன்றைத் தொடக் கூடாது. அந்த இடைவெளிக்குள் இருப்பதைத்தான் வீட்டுக்குக் கொண்டு போகலாம். சின்னது வளரட்டும், பெரியது முட்டை போடுகிற தாய், இரண்டையும் விட்டுவிடணும். தூண்டில் கம்பில் அந்த இரண்டு அளவிலும் சிவப்பு நூல் சுற்றி வைத்திருக்கிறேன். கம்பை மீன் பக்கத்தில் வைத்தேன். மீனின் தலை, முதல் நூலைத் தாண்டி, இரண்டாவது நூலையும் தாண்டி, கையால் இன்னும் ஒரு சாண் அளக்க வேண்டியிருந்தது.

முள்ளைக் கழற்றினேன். மீனுக்கு மூச்சு திரும்பட்டும் என்று தாடையைப் பிடித்துத் தண்ணீர் ஓட்டத்துக்கு எதிராக நிறுத்தினேன். அது என் கட்டைவிரலைக் கடித்துத் தோலை உரித்துவிட்டு, வாலை ஒரு தடவை வீசி என் முகத்தில் தண்ணீர் அடித்துவிட்டுப் போயிற்று. துடைக்கக்கூட மனசு வரவில்லை. முத்தம் மாதிரி இருந்தது.

"வெண்டல், உனக்கு மாட்டினது எவ்வளவு?"

"முப்பத்தெட்டு!"

"கொஞ்சம் கொறைக்க முடியாதா?"

"எதை? மீனையா, அளவையா?"

"ஓபெட்?"

"என்னோடதை அளக்கவே வேண்டாம்டா. இதுக்கு நம்ம பாதிரியார் வயசு இருக்கும்!"

விட்டோம். வீசினோம். மறுபடி பெரியது. மறுபடி விட்டோம். தண்ணீர் முழங்காலைத் தாண்டியது. வாழ்நாளில் முதல் தடவையாக, "கர்த்தரே, சின்ன மீனாக் குடும்" என்று ஜெபம் பண்ணினேன். உலகத்தில் எந்த மீன்காரனும் பண்ணாத ஜெபம். பரலோகத்தில் யாருக்கும் அது புரிந்திருக்காது. இன்னும் பெரியதாக அனுப்பினார்.

"டேய் செல்மு, ஈயை மாத்து" என்றான் வெண்டல். "இது ரொம்பப் பெரிசு. சின்னதைக் கட்டினா அளவான மீன் வரும். உன் ரூம்டா!"

நியாயமான பேச்சு. பெட்டியைத் திறந்தேன். நானே கட்டிய சின்ன ஈக்கள் வரிசையாக இருந்தன. ஒன்றை விரலால் எடுத்தும்விட்டேன். அப்போது என் இரண்டு காலுக்கு நடுவே ஒரு நிழல் புகுந்து அந்தப் பக்கம் போனது. அதுவரை பார்த்ததெல்லாம் இதன் பேரப்பிள்ளைகள். படகு போவது மாதிரி போயிற்று. தண்ணீர் அதற்கு வழி விட்டது.

பெட்டியை மூடினேன்.

"நீ ஏன் மாத்தலை?" என்று வெண்டலைக் கேட்டேன்.

அவன் என் பக்கம் திரும்பவே இல்லை. "ஒழுகுற கக்கூஸ் என்னோடது இல்லையே" என்றபடி அதே வெள்ளை ஈயை வீசினான்.

தண்ணீர் இடுப்புக்கு வந்தது. மூன்று கிழவர்கள், நனைந்த கோழிகள் மாதிரி, பெட்டியில் வெறும் பனிக்கட்டியோடு கரையேறினோம். வண்டியில் ஓபெட் ஒரு தடவை, "அடேயப்பா" என்றான். நாங்கள் தலையாட்டினோம்.

இடலீனா சூப்பைச் சூடு பண்ணி வைத்திருந்தாள். பெட்டியைப் பார்க்கக்கூட இல்லை. "உக்காரு, சொல்லு" என்றாள். சொன்னேன். நின்றுகொண்டே சொன்னேன். நாற்காலியைக் கடலாக்கி, கரண்டியைத் தூண்டிலாக்கிச் சொன்னேன்.

"எவ்வளவு பெரிசு?"

கையை விரித்தேன். கை பத்தவில்லை. கதவிலிருந்து அடுப்பு வரைக்கும் காட்டினேன்.

"ஐயோ, அவ்வளவு பெரிசா! அப்ப வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாதே. பாவம்!"

அந்தப் 'பாவம்' சொன்ன விதத்தில், குழாயில் காற்று ஏறினால் வருமே, அந்த மாதிரி ஒரு சத்தம் எனக்குள்ளே கேட்டது. முகத்தில் ஈயாடவில்லை.

"இடலீனா... அந்த ஈ ஏன் அவ்வளவு நீளம்?"

"எங்கப்பா ஆயுசு பூரா நியூ பெட்ஃபோர்ட் படகுல மீன் பிடிச்சவரு. பெரிய இரைக்குப் பெரிய மீன்தான் வரும்னு அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா? நான் மார்க்கெட்டுக்குப் போறவ."

"வேணும்னே பண்ணினியா!"

"என்ன பண்ணினேன்? மொதல் வீச்சுக்குன்னுதானே குடுத்தேன். ரெண்டாவது வீச்சுக்கு மாத்திக்க வேண்டியதுதானே? உன் பொட்டியிலேருந்து ஒரு ஈயையாவது நான் எடுத்து ஒளிச்சேனா?"

"இல்லை."

"பின்ன ஏன் மாத்தலை?"

நான் சூப்பைப் பார்த்தேன்.

"மாத்த மாட்டே. பெரிய மீன் வந்துக்கிட்டு இருக்கும்போது சின்ன ஈ கட்டுற ஆம்பிளை இன்னும் பொறக்கலை."

"அது சரி, அவங்க ரெண்டு பேருக்கு எதுக்குக் கட்டினே?"

"உங்க மூணு பேரையும் நான் ஒரே ஆளாத்தான் கணக்கு வச்சிருக்கேன்."

போய்ப் பின் ரூமின் கதவைத் திறந்தேன். தையல் மெஷின் ஜன்னலோரம் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. மேஜை முழுக்க வெல்வெட். என் மான் மயிர், நூல்கண்டு, பசை எல்லாம் ஒரு பழைய வாளிக்குள் ஒழுங்காக அடுக்கப்பட்டு கார் கொட்டகைக்குப் போகத் தயாராக வாசல் பக்கம் நின்றது. இடலீனா என்னைத் தாண்டிப் போய் மெஷின் முன்னால் உட்கார்ந்து வெல்வெட்டைக் கையில் எடுத்தாள்.

கோபம் வரணும். வரவழைக்கப் பார்த்தேன். ஆனால் கண்ணை மூடினால் அந்தப் பெரிய நிழல் காலுக்கு நடுவே போகிறது. என்னை இவ்வளவு அக்குவேறு ஆணிவேறாகத் தெரிந்த ஒருத்தி, தொப்பி இறகை வைத்து, வாழ்நாளில் நான் பார்க்காததைக் காட்டிவிட்டு, அதே கையால் ரூமையும் எடுத்துக்கொண்டாள். அந்த மீன்களைப் பார்த்தபோது நின்ற மாதிரியே அவளைப் பார்த்தும் நின்றேன். தொப்பி இருந்திருந்தால் கழற்றியிருப்பேன்.

"இடலீனா."

"ம்."

"அந்த ஈயோட இறகெல்லாம் கடிபட்டுப் போச்சு. அடுத்த சனிக்கிழமைக்கு இன்னொண்ணு கட்டித் தருவியா?"

"அதுக்கென்ன, தரேன்." வெல்வெட்டிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை. "ஆனா தச்ச அங்கியெல்லாம் தொங்கவிட இங்க எடம் பத்தாது போலிருக்கே."

கார் கொட்டகைச் சாவியைப் பையிலிருந்து எடுத்து, ஈரத்தைத் துடைத்து, நானே அவள் கையில் கொடுத்தேன்.